இருமாமல் வந்த கேமரா

நாச்சியார்திடலில் பள்ளிவாசல் தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் நடுவே ஒரு கொல்லைச் சந்து ஓடுகிறது. இரண்டு தெரு வீடுகளின் பின்கதவுகளும் அதில்தான் திறக்கும். அது பெண்களின் சந்து. ஒரு வீட்டுக் கறிவேப்பிலை இன்னொரு வீட்டுத் தாளிப்புக்குப் போவதும், ஒரு வீட்டில் தொடங்கிய சண்டை இன்னொரு வீட்டில் சமாதானமாவதும் அந்த வழியாகத்தான்.

ஆண்பிள்ளைகள் அதற்குள் வரக்கூடாது என்று தடை ஒன்றும் கிடையாது. சந்து முனையில் நின்று, உள்ளே கேட்கும்படி ஒருமுறை இருமிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். தேங்காய் பறிப்பவருக்கும் தாசில்தாருக்கும் ஒரே சட்டம். ஒரு தடவை தொண்டை கட்டிப்போன கொத்தனார் ஒருவர் இரும முடியாமல் சாயங்காலம் வரை முனையிலேயே நின்றுவிட்டு, முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார். கூலி கொடுத்தவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். சந்தேகம் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சந்துக்குள் இருமாமல் நுழைந்தது ஒன்றே ஒன்று. அது சேக் தாவூது உபயமாகக் கொடுத்த கேமரா.

அது வந்த கதையைச் சென்ற வாரங்களில் விரிவாகவே பார்த்தோம். வயல்களில் மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போகிறார்கள், கடைத்தெருவில் பூட்டை உடைக்கிறார்கள் என்று ஊர் புலம்பியபோது, வர்த்தகர் சங்கம் கூடிக் கேமரா வைக்கத் தீர்மானித்தது. ஷார்ஜாவிலிருந்து ஊரோடு வந்துவிட்ட சேக் தாவூது, "முதல் கேமரா என்னுது" என்று எழுந்து நின்று சொன்னார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவருக்கு ஒரு போர்டும் தோன்றிவிட்டது.

'உபயம்: சேக் தாவூது, ஷார்ஜா.' மஞ்சளில் சிவப்பு எழுத்து. மயிலாடுதுறையில் எழுதிக் கொண்டுவந்தது. அதன் அளவைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தவர்கள்கூட அதைப் படித்திருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி.

கடைத்தெருவும் கொல்லைச் சந்தும் சேரும் இடத்தில் கம்பம் நட்டார்கள். போர்டு கடைத்தெருவைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உபயம் கொடுத்து என்ன பயன்? கேமராவைப் போர்டுக்கு முன்னால் வைத்தால் 'சேக்' மறைந்துவிடும். பக்கவாட்டில் வைத்தால் 'ஷார்ஜா' மறையும். ஆகவே போர்டின் முதுகிலேயே கேமராவை வைத்து, இரண்டையும் ஒரே இரும்புப் பட்டையில் வெல்டிங் அடித்து ஏற்றினார்கள். போர்டு கடைத்தெருவைப் பார்த்தது. கேமரா சந்தைப் பார்த்தது. எல்லாருக்கும் திருப்தி.

சந்துக்காரப் பெண்களைத் தவிர.

அவர்களிலும் மெஹராஜ் பேகத்தின் சங்கடம் தனி. அவள் சேக் தாவூதின் மனைவி. தினமும் மதியம் பாத்திரம் கவிழ்த்ததும், பூத்துண்டில் சுற்றிய ஒரு மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்கதவு வழியாக இறங்குவாள். எதிர்ச்சாரியில் மிராசுதார் நடராசன் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே போவாள். பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டதும் அதே மூட்டையோடு திரும்பி வருவாள்.

மூட்டைக்குள் இருந்தது தலையணை. அவள் தூங்கப் போனாள்.

சொந்த வீட்டில் தூங்கக் கூடாதா என்று கேட்கலாம். கேட்பவர்கள் அந்த வீட்டில் ஒரு மதியம் படுத்துப் பார்க்க வேண்டும். பாதி ஆயுள் ஷார்ஜாவில் பேசாமல் சேர்த்த பேச்சையெல்லாம் சேக் தாவூது வீட்டுக்கு வந்து செலவு செய்துகொண்டிருந்தார். அங்கே வெயிலில் வைத்த முட்டை தானே பொரிந்து, குஞ்சு வேர்த்துக்கொண்டு நிழலுக்கு ஓடியதுவரை சொல்லி முடித்திருந்தார். இன்னும் கோழி பாக்கி. நடுவே மருமகள் பர்வினின் தையல் மிஷின். அதற்கு நடுவே வெளிநாட்டிலிருந்து மகனின் போன். கண்ணை மூடினால், "தூங்குறியா?" என்று எழுப்பிக் கேட்கிற வீடு.

நடராசன் வீட்டு விதைநெல் அறை இருட்டாக, குளுமையாக இருந்தது. நடராசன் மனைவி பிரகதாம்பாள் அதன் கதவைச் சாத்திவிட்டு வெளியே காய் நறுக்கிக்கொண்டு காவல் இருப்பாள். அந்த ஒரு பொழுது மெஹராஜ் யாருக்கும் மனைவி இல்லை, மாமியார் இல்லை, அம்மா இல்லை. சும்மா கிடப்பாள். ஊருக்குத் தெரிந்தால் ஊர் சிரிக்கும். அது போகட்டும். வீட்டுக்குத் தெரிந்தால், "ஏசி போட்டுத் தர்றேன், இங்கேயே தூங்கு" என்பார் சேக் தாவூது. ஏசியும் போடுவார். போட்டுவிட்டு, அதன் அடியிலேயே உட்கார்ந்து கோழிக் கதையை ஆரம்பிப்பார்.

இந்த நிலையில்தான் நேற்றிரவு வர்த்தகர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. போட்டவர் உரக்கடை பஞ்சநதம், சங்கத்தின் செயலாளர். கம்பத்துக்கு நேர் கீழேதான் அவர் கடை. 'சந்தேகத்துக்கு இடமான நடமாட்டம். தினமும் மூட்டையுடன் ஒரு பெண்மணி. போலீசார் கவனிக்கவும்' என்று கீழே எழுதி, ஸ்டேஷனுக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தார்.

விடிவதற்குள் ஊர் அந்த மூட்டையை நிரப்பிவிட்டது. ஷார்ஜா தங்கம் என்றார்கள். டாக்டர் தடுத்த பிரியாணியை நடராசனுக்குத் திருட்டுத்தனமாகக் கொடுக்கிறார்கள் என்றார்கள். செய்வினை என்று சொன்ன ஒருவரிடம், "அதை ஏன் தினம் திருப்பி எடுத்துக்கிட்டு வர்றாங்க?" என்று கேட்டதற்கு, "பலிக்கலை போல" என்றார்.

காலையில் ஏட்டு பக்கிரி வாசலில் வந்து நின்றார். வாசல் என்பதால் இருமவில்லை.

"பாய், தப்பா நினைக்காதீங்க. எஸ்.ஐ. மேடம் பாயம்மாவை ஒரு எட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போகச் சொன்னாங்க."

"என்னத்துக்கு?" என்றார் சேக் தாவூது.

"மூட்டை விஷயமா."

"எந்த மூட்டை?"

"கேமராவுல தெரிஞ்ச மூட்டை."

"எந்தக் கேமரா?"

பக்கிரி தொப்பியைக் கழற்றித் தொப்பிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டார். "உங்க கேமராதான் பாய்."

சேக் தாவூது நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஏம்ப்பா, நான் குடுத்த கேமரா என் பொண்டாட்டியையா பிடிக்கும்?"

"நல்ல கேமரா பாய். முடிச்சு எந்தப் பக்கம் போட்டிருக்குன்னுகூட தெரியுது."

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மெஹராஜ் பேகத்துக்கு முதலில் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இன்று மதியத்தோடு அந்த அறை போச்சு என்று நினைத்தாள். விதைநெல்லின் வாசனை ஒரு நொடி மூக்கில் வந்து போயிற்று.

பர்வின் தையலை நிறுத்திவிட்டு வந்தாள். "மாமி, மூட்டையில என்னன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுதே. ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு மறைக்கணும்?"

"உன் போனை எதுக்குப் பூட்டி வச்சிருக்கே?"

"அது... சும்மா, மாமி."

"உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மாமி, சத்தியமா."

"இதுவும் அதேதான்ம்மா."

பர்வின் யோசித்தாள். யோசித்து முடித்தபோது கட்சி மாறியிருந்தாள்.

மெஹராஜ் பின்கதவைத் திறந்து எதிர்வீட்டுக்குப் போனாள். மூட்டை இல்லாமல் வெறுங்கையோடு போனாள். போகிற வழியில் கம்பத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக் கண் கருப்பாக மின்னியது. அதற்கு முதுகு காட்டி நின்றது, கடைத்தெருவுக்கு மட்டும் தெரிகிற அவள் புருஷன் பெயர். அந்த இடத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே ஒரு யோசனையும்.

பிரகதாம்பாள் மாட்டுக்குக் கழுநீர் காட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாளியைத் தொப்பென்று வைத்தாள்.

"எங்க வீட்டுல ஒரு ஊசி காணாமப் போகலை. எதுக்குடி விசாரணை? நான் வந்து சொல்றேன். எங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் நான் ஜவாப்தாரி."

"சொல்றது அப்புறம் அக்கா. உங்களால ஒரு சாமானைத் தூக்க முடியுமா?"

"என்ன சாமான்?"

"பஞ்சநதம் கடைத் தராசு."

ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்கார வீட்டு மருமகளாக வந்து, இன்றுவரை பிறத்தியார் வீட்டுப் பூவைக்கூடக் கேட்காமல் பறிக்காத பிரகதாம்பாள், தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"பழைய இரும்புத் தராசா, கரண்டுத் தராசா?"

"கரண்டுத் தராசுதான்."

"அப்போ தூக்கலாம்."

மாட்டுக் கொட்டகைக்குள் நின்று மெஹராஜ் தன் திட்டத்தைச் சொன்னாள். கேமராவுக்குக் கொட்டகை தெரியாது. மாடு மட்டும் கேட்டது; அது இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பர்வினுக்குக் கொடுத்த வேலை சுலபமானது. "மூட்டையைத் தூக்கிக்கிட்டுச் சந்துல மேலயும் கீழயும் நட. நான் போன் போடுற வரைக்கும் நிறுத்தாதே."

"மூட்டையில என்ன வைக்கட்டும் மாமி?"

"என்ன வேணாலும் வை. பெரிசா வை."

இப்படியாக, வெயில் ஏறுவதற்கு முன்பு அவர்கள் கடைத்தெருவில் நடந்தார்கள். முன்னால் பக்கிரியும் சேக் தாவூதும். பக்கிரியிடம் ஷார்ஜா கோழியின் கதை தொடங்கியிருந்ததால் இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. பத்தடி பின்னால் மெஹராஜ் பேகம், கருப்புத் துப்பட்டியைத் தலைக்கு மேல் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு. கூடவே பிரகதாம்பாள், கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுப் புடவையில். முதல் திருட்டு என்பதால் நல்லதாக உடுத்தியிருந்தாள்.

பஞ்சநதம் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முகம் போனுக்குள் இருந்தது. போனில் பர்வின் ஒரு பூசணிக்காய் அளவு மூட்டையோடு மேற்கே போனாள். சற்று நேரத்தில் பலாப்பழம் அளவு மூட்டையோடு கிழக்கே வந்தாள். அடுத்த நடையில் இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. பஞ்சநதம் விரல்களால் திரையை அகட்டி அகட்டிப் பார்த்தார்.

"குடும்பமே இறங்கிடுச்சு" என்று தனக்குத்தானே சொன்னார்.

அவர் மூக்குக்கு முன்னால் மேஜை மேல் தராசு இருந்தது. பிரகதாம்பாள் சுவரிலிருந்து அதன் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரை ஒழுங்காகச் சுற்றினாள். அப்போது பரம்பரைக் கூச்சம் ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. கேட்காமல் எடுக்கக் கை வரவில்லை.

"பஞ்சநதம், இதை எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்றார் பஞ்சநதம், நிமிராமல். பர்வின் அப்போது மூன்றாவது மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பிரகதாம்பாள் தராசை இடுப்பில் வைத்துக்கொண்டு, போர்டுக்கு நேர் கீழே, பட்டப்பகலில், கடைத்தெருவின் நடுவே நடந்தாள். டீக்கடையில் நின்றவர்கள் வணக்கம் சொன்னார்கள். அவளும் தராசோடு வணக்கம் சொன்னாள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. குந்தவை எழுந்து நின்று வரவேற்றாள். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. திருட்டைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்று மேலிடம் தினமும் போன் செய்வதால், சிரிப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் டிவி. டிவியில் கொல்லைச் சந்து. சந்தில் பர்வின்.

"உட்காருங்கம்மா. ஒரே கேள்விதான். மூட்டையில என்ன?"

மெஹராஜ் உட்கார்ந்தாள்.

"நானும் ஒரே கேள்வி கேட்டுக்கிறேம்மா. யாருது என்ன காணாமப் போச்சு?"

"காணாமப் போகலை. போயிடக் கூடாதுன்னுதான் கேட்கிறோம். தப்பு இல்லாதப்போ சொல்றதுல என்னம்மா இருக்கு?"

"நீங்க ராத்திரி தாழ்ப்பாள் போட்டுத்தானே தூங்குறீங்க?"

"ஆமா."

"உள்ளே என்ன தப்பு செய்றீங்க?"

சேக் தாவூது, "மெஹராஜ்..." என்று இழுத்தார். பக்கிரி சுவரில் இருந்த காந்தி படத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

குந்தவை கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அம்மா, விளையாட்டு இல்லை. போன வாரம்கூட இவங்க வீட்டு வயல்லதான் மோட்டார் ஒயரை அறுத்துட்டுப் போனான். குறுவைக்குத் தண்ணி வைக்க முடியலைன்னு ஐயா இங்கே வந்து நின்னப்போ எனக்கு மூஞ்சியைக் காட்ட முடியலை. கேமராவே வேணாம்னு சொல்றீங்களா?"

"யாரு சொன்னா? வைங்க. திருடன் வர்ற பக்கம் பார்த்து வைங்க. எங்க சந்துல நாங்க என்னம்மா திருடுறோம்? தலைக்குக் குளிச்சு முடி உலர்த்துறோம், உள்பாவாடை காயப்போடுறோம், மாமியாரைத் திட்டுறோம். பக்கிரியண்ணே, நீங்க எங்க சந்துக்கு எப்படி வருவீங்க? சொல்லுங்க."

பக்கிரி காந்தியை விட்டுத் திரும்பினார். "இருமிட்டுத்தான் மேடம். போன மாசம் சம்மன் குடுக்கப் போனப்போகூட முனையில நின்னு இருமினேன். சளியே இல்லை."

"கேட்டுக்கிட்டீங்களா? சர்க்காரே இருமிட்டுத்தான் வருது. உங்க கேமரா இருமிச்சா? சொல்லாம கொள்ளாம வந்து நின்னுக்கிட்டு, எங்களை ஊர்க் கடைக்காரங்க போன்ல எல்லாம் ஓட்டிக்கிட்டிருக்கு."

குந்தவையின் புருவம் ஏறியது. "போன்லயா? இது ஸ்டேஷனுக்கு மட்டும்தானே வருது?"

பக்கிரி மறுபடி காந்தியிடம் போய்விட்டார்.

"சங்கத்துக்காரங்க எல்லாரும் ஆப் வச்சிருக்கோம் மேடம். நேத்து பஞ்சநதம் குரூப்ல வீடியோ போட்டதும் அதுலேருந்துதான்" என்றார் சேக் தாவூது, மெதுவாக. "ஒரு பாதுகாப்புக்கு."

"அந்தப் பாதுகாப்பு எப்படி இருக்குன்னு காட்டுறேன்" என்றாள் மெஹராஜ். "அக்கா, அதை இங்கே வைங்க."

பிரகதாம்பாள் தராசை எஸ்.ஐ. மேஜையில் வைத்தாள். ஒயரையும் பக்கத்தில் அழகாக வைத்தாள்.

"என்னம்மா இது?"

"திருட்டுச் சாமான்" என்றாள் பிரகதாம்பாள், பெருமையை அடக்கிக்கொண்டு. "நான்தான் எடுத்தேன். இப்பதான். கம்பத்துக்குக் கீழே. கேமராவுல போட்டுப் பாருங்க."

குந்தவை டிவியைத் திரும்பிப் பார்த்தாள். அதில் பர்வின் நான்கு மூட்டைகளோடு தள்ளாடிக்கொண்டிருந்தாள். தராசும் இல்லை, கடைத்தெருவும் இல்லை, பிரகதாம்பாளும் இல்லை.

அப்போதுதான் வாசலில் செருப்பு ஒன்று தனியாக வந்து விழுந்தது. பின்னாலேயே பஞ்சநதம் வந்தார்.

"மேடம், கொள்ளை! பட்டப்பகல்ல! என் தராசை யாரோ..." மேஜையைப் பார்த்தார். "இதேமாதிரிதான் மேடம் இருக்கும்!"

"நீங்க எங்கே இருந்தீங்க?" என்றாள் குந்தவை.

"கல்லாவுலயேதான் மேடம். அசையலை. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"எதை?"

பஞ்சநதம் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு டிவியைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். இரண்டிலும் பர்வின், பாரம் தாங்காமல் ஒரு மூட்டையை இறக்கிவைத்து, முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள்.

"எதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க, செயலாளர்?"

"சந்தேகத்துக்கு இடமான..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

"நான் உன்கிட்ட கேட்டுட்டுத்தானேப்பா எடுத்தேன்" என்றாள் பிரகதாம்பாள். "எடுத்துக்குங்கன்னு ரெண்டு தடவை சொன்னியே."

அந்த நிமிஷம்தான் குந்தவை சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியவில்லை. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டும் தோள் குலுங்கியது. லாக்கப்பில் இருந்த குடிகாரர் ஒருவர் ஏன் என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

சிரித்து முடித்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. பேச்சு சுருக்கமாக வந்தது.

"பஞ்சநதம், ஊர்ப் பொம்பளைங்க நடமாட்டத்தை வீடியோ எடுத்துக் குரூப்ல போட்டீங்களே, அதுக்கு என்ன கேஸ்னு நான் புத்தகத்தை எடுக்கட்டுமா, இல்லை நீங்களே அதே குரூப்ல மன்னிப்புக் கேட்கிறீங்களா?"

பஞ்சநதம் அங்கேயே நின்று மன்னிப்புக் கேட்டார். அவசரத்தில் தன் உரக்கடை விளம்பரத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

"சங்கத்துல யார் போன்லயும் இனிமே இந்த ஆப் இருக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் இங்கே வந்து என் கண்ணு முன்னாடி அழிக்கணும். பாய், நீங்க முதல்ல."

சேக் தாவூது அழித்தார்.

"பக்கிரி, சந்து ரெக்கார்டு பூராவையும் எடுத்துடுங்க. ஒரு துண்டு இருக்கக் கூடாது. அந்தக் கேமராவை இன்னைக்கே கடைத்தெருப் பக்கம் திருப்புங்க."

பிறகு மெஹராஜ் பக்கம் திரும்பினாள். "ஜெயிச்சுட்டீங்கம்மா. இப்பவாவது சொல்லலாம்ல? மூட்டையில என்னதான் இருக்கு?"

"போலீஸா கேட்கிறீங்களா, பொண்ணா கேட்கிறீங்களா?"

"ரெண்டும்தான்."

"போலீஸா கேட்டா சட்டத்தைக் காட்டுங்க. பொண்ணா கேட்டா ஒருநாள் மதியம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க. அப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா சாப்பாடு நல்லா இருக்கும்."

குந்தவை எழுந்து கைகூப்பினாள்.

பிரகதாம்பாளுக்கு மட்டும் ஒரு குறை. "என்னைப் பிடிக்க மாட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். தராசைப் பஞ்சநதம் தானே சுமந்துகொண்டு போனார்.

மதியத்துக்குள் ஏணி வந்தது. வெல்டிங் பட்டறைக்காரர் பட்டையைத் தளர்த்தி அரைவட்டம் சுற்றினார். போர்டும் கேமராவும் முதுகோடு முதுகு ஒட்டியவை அல்லவா, கேமரா கடைத்தெருப் பக்கம் வந்ததும் போர்டு சந்துப் பக்கம் போய்விட்டது. சேக் தாவூது ஏணியைப் பிடித்துக்கொண்டு, "போர்டை மட்டும் தனியா..." என்றார். "மயிலாடுதுறைக்குத்தான் கொண்டுபோகணும் பாய். அறுத்தா எழுத்து போயிடும்" என்றார் பட்டறைக்காரர்.

இப்போது அந்தப் பெரிய மஞ்சள் போர்டை, முடி உலர்த்துகிற பெண்களும் நடராசன் வீட்டு ஆடுகளும் படிக்கிறார்கள். அன்று சந்தில் ஒரு வருஷத்துத் துணியும் காய்ந்தது. எல்லாரும் தலைக்குக் குளித்தார்கள். குளிக்கவேண்டிய நாள் இல்லாதவர்களும் குளித்தார்கள். ஒரு வீட்டிலிருந்து வடை வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து பிர்னி வந்தது. பர்வின் தன் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். உள்ளே இருந்ததெல்லாம் ஊரார் தைக்கக் கொடுத்து அவள் தைக்காமல் வைத்திருந்த ரவிக்கைத் துணிகள். அவரவர் துணியை அடையாளம் கண்டுகொண்டதில் ஒரு சிறு கலவரம் நடந்தது. வெற்றியின் நடுவில் அது பெரிதாகத் தெரியவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவே மெஹராஜ் பேகம் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு ஒவ்வொருத்தியும் எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவரவர் முகத்தில் தெரிந்தது.

விதைநெல் அறையில் அவள் அன்று தூங்கிய தூக்கம் சாதாரணத் தூக்கம் இல்லை. பிரகதாம்பாள் வெளியே உட்கார்ந்து, முதல் திருட்டின் களைப்பில் தானும் குறட்டை விட்டாள். அந்தக் குறட்டையில் குதிர் அதிர்ந்து நாலு மரக்கால் நெல் தானாகவே புடைத்துக்கொண்டது என்பார்கள். மெஹராஜுக்கு அதுகூடக் கேட்கவில்லை.

அஸர் பாங்குக்கு எழுந்து வீட்டுக்கு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அதுவே ஆச்சரியம். சேக் தாவூது கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். பேசவில்லை.

"என்னங்க, போர்டு போச்சேன்னா?"

"போர்டு கிடக்கட்டும். கதவைச் சாத்திட்டு வா."

சாத்திவிட்டு வந்தாள்.

"ஸ்டேஷன்ல ஆப்பை அழிச்சேன்ல, அது நெசம். ஆனா போன வாரமே அதுலேருந்து ஒரு துண்டு வீடியோவைத் தனியா எடுத்து வச்சிருந்தேன். அது இன்னும் போன்ல இருக்கு."

மெஹராஜின் கை மூட்டையை இறுக்கியது. "என்னையா எடுத்து வச்சிருக்கீங்க?"

"உன்னை எதுக்கு? நீ போற இடம் எனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியும்?"

"மத்தியானமானா கட்டில்ல ஒரு தலையணை காணாமப் போவுது. அஸருக்கு அப்புறம் விதைநெல் வாசத்தோட திரும்பி வருது. நான் ராத்திரி அது பக்கத்துலதானே படுக்கிறேன்."

காலையிலிருந்து போலீசிடமும் ஊரிடமும் காத்த ரகசியம், கட்டிலிலேயே கிடந்திருக்கிறது.

"தெரிஞ்சா ஏன் கேட்கலை?"

"தூங்குறவளை எழுப்பி ஏன் தூங்குறேன்னு கேட்கிறதா?" என்றார் சேக் தாவூது. ஷார்ஜாவை இழுக்காமல் அவர் பேசி முடித்த முதல் பேச்சு அதுதான்.

பிறகு போனை எடுத்து மேஜையில் வைத்தார். கவிழ்த்து வைத்தார்.

"இது வேற, மெஹராஜ். நம்ம நடராசன் வயல்ல ஒயர் போச்சே, அன்னைக்கு ராத்திரி எடுத்தது. சந்துல ஒரு ஆளு போவுது, தோள்ல ஒயர் சுருளு. ஸ்டேஷன்ல அந்நேரம் யாரும் டிவியைப் பார்க்கலை. அவங்ககிட்ட இருந்ததையும் இன்னைக்கு நீ பேசி அழிக்க வச்சுட்டே. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"மூஞ்சி தெரியுது." அவர் குரல் இறங்கியது. "நம்ம வீட்டுல சாப்பிட்டுப் போற மூஞ்சி."

வெளியே சந்தில் பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரகதாம்பாள் தராசைத் தூக்கிய விதத்தை யாருக்கோ நடித்துக் காட்டுகிற சத்தம் கேட்டது. குறுவைக்குத் தண்ணீர் இல்லாமல் காய்வது அந்தப் பிரகதாம்பாளின் வயல். அந்தச் சந்தை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று காலையில் ஸ்டேஷனையே அதிரவைத்தது இந்த மெஹராஜின் வாய்.

"பார்க்கிறியா? வேணாம்னா இப்பவே அழிச்சுடுறேன். நீ சொல்றதுதான்" என்றார் சேக் தாவூது.

மெஹராஜ் பேகம் கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதைச் சொல்வதற்காகவே நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வாயைத் திறந்தாள்.

"என் மூக்குக்கண்ணாடியை எங்கே வச்சேன், பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.